கொட்டகைக்கு ஐம்பது கையெழுத்து

முந்தாநாள் எங்கள் வகுப்புக் குழுவில் அந்த இணைப்பு வந்து விழுந்ததும் உங்களுக்குப் பிறந்த வேகத்தை என்னவென்று சொல்ல! ரொறன்ரோவில் இருக்கிற பின்வீட்டுக்காரன் கட்டிலை விட்டே எழும்பியிருக்கமாட்டான், “நான் போட்டாச்சு” என்றான். டோகாவில் இருப்பவள் தன் பெயர் பட்டியலின் உச்சியில் நிற்பதைப் படம் பிடித்து அனுப்பினாள். புதிதாகப் போடுகிறவரின் பெயர்தான் அதில் மேலே ஏறும், முன்னுக்குப் போட்டவர்கள் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்குவார்கள். அதுகூடத் தெரியாமல், வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்த சந்தோசப் புளுகம் அவளுக்கு.

விசயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய அரிசி ஆலைக்குள் ஞாயிறு பின்னேரங்களில் பெடியளும் பெட்டையளும் சேர்ந்து வாத்தியம் வாசிக்கிறார்கள், பாடுகிறார்கள். பத்து வயதுப் பிள்ளையும் போகலாம், தாய்தகப்பனும் போகலாம். இனிமேல் பதினெட்டு வயதுக்குக் கீழே ஒருவரையும் உள்ளே விடக்கூடாது, விட்டால் இழுத்து மூடு என்று அயலில் முறையிட்டிருக்கிறார்கள். அதை எதிர்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையெழுத்துச் சேர்க்கிறார்கள்.

“நீ மட்டும் ஏன் இன்னும் போடேல்லை? பெரிய ஆளாயிட்டியோ?” என்று கேட்டீர்கள். பெரிய ஆளும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து பெயர் எழுதுகிற கட்டத்தில் விரலை வைத்தேன். விரல் நகரவில்லை. நாங்கள் முப்பதைத் தொட்டுவிட்டோம், என் காதோரம் நரைக்கத் தொடங்கிவிட்டது. பதினாறு வருடமாக உங்களில் ஒருவருக்கும் சொல்லாததை இனியும் எதற்குப் பொத்திவைத்திருப்பது? சொல்கிறேன். வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

எங்கள் கொட்டகை ஞாபகம் இருக்கிறதா? கொக்குவிலில் ரயில் பாதையோரம், சனசமூக நிலையத்தின் வாசிகசாலைக்குப் பின்னால். ரயில் பாதை என்று நாங்கள் மரியாதைக்குச் சொன்னோம். தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் சண்டைக் காலத்தில் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். எருக்கலை முளைத்த ஒரு கல்மேடுதான் மிஞ்சியிருந்தது. கொட்டகைக்கு மேலே தகரம், மூன்று பக்கமும் அரைச்சுவர். சண்டை முடிந்த அடுத்த வருடம் அது. ஞாயிறு மூன்று மணிக்கு, கரண்டுக்காக, மண்ணெண்ணெய் மெசினை இழுத்து ஸ்ராட் பண்ணுவார்கள். அந்தப் புகை மணமும், வெயிலில் காய்ந்த தகரத்தின் மணமும், வறுத்த கச்சானும், பக்கத்தில் இருக்கிற அம்மாவின் மடியில் கிடக்கிற குழந்தையின் பால் மணமும் இப்போதும் என் மூக்கில் நிற்கிறது. ஆறு மணிக்கு எல்லாம் முடிந்துவிட வேண்டும். இருட்டுக்கு முன் வீடு போய்ச்சேருகிற பழக்கம் எங்களைவிட்டு அப்போது போயிருக்கவில்லை.

வாசித்தவர்கள் ஐந்து பேர். நான்கு பெடியள். அவர்களுக்குத் தலைமை கீபோட் அண்ணை, கம்பஸ் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவர். ஐந்தாவது ஆள் ட்ரம்ஸில் இருந்த எங்கள் மச்சாள்.

மச்சாள் என் அம்மாவின் தமையனுடைய மகள். பதினெட்டு வயது. சண்டை முடிந்ததும் வன்னிச் சனத்தை அடைத்துவைத்த முகாமுக்குப் போய், படிக்கிற பிள்ளை என்று அவளை மட்டும் முதலில் விட்டதால் எங்கள் வீட்டுக்கு வந்தவள். மாமாவும் மாமியும் இன்னும் முகாமில்தான் இருந்தார்கள். வாய் பேசாமல் மூலையில் குந்தியிருந்தாள் என்று நினைக்காதேயுங்கள். நன்றாகக் கதைப்பாள், என்னை நக்கலடித்தே கொல்லுவாள். ஆனால் கேற்றைத் தாண்டமாட்டாள். கடைக்கு வா என்றால் தலையிடி, கோயிலுக்கு வா என்றால் வயிற்றுக்குத்து. ஞாயிறு மட்டும் இரண்டு மணிக்கே முகம் கழுவி, கமுகஞ்சலாகையில் தானே சீவிய இரண்டு தடிகளோடு வாசலில் நிற்பாள். ஊரில் பள்ளிக்கூட பாண்டில் சைட் ட்ரம் அடித்தவள். வெடித்த ஒரு தாளத்தட்டும் கட்டிப்போட்ட ஒரு பெடலுமாகக் கிடந்த அந்த ட்ரம்ஸை அவள் அடித்தால் அரைச்சுவரில் இருந்த சின்னஞ்சிறுசுகள் எல்லாம் காலால் சுவரை உதைக்கும். குழந்தைகளோடு அம்மாமார் நிறைய இருந்தபடியால்தான் என் அம்மாவும் அவளை அங்கே விட்டா.

அந்த ஆவணி விடுமுறையில்தான் கதை வெளியே வந்தது. கொட்டகையை ரியூசனுக்குக் கொடுக்கப்போகிறார்கள். கணித சேர் ஒருவர் கேட்டிருக்கிறார், நிர்வாகத்துக்கும் விருப்பம். ஞாயிறு முழுக்க வகுப்பு, பொதுக்கூட்டத்தில் முடிவு எடுத்தால் சரி.

கீபோட் அண்ணைக்கு அது பெரிய அடி இல்லை. ரவுணில் ஒரு ஹோட்டலில் வாசிக்கக் கேட்டிருந்தார்கள். ஆனால் அங்கே குடிக்கிற ஆம்பிளைகள் மட்டும்தான். “மச்சாளையும் கூட்டிக்கொண்டு போங்கோவன் அண்ணை” என்று நான் கேட்டேன்.

“விசரே உனக்கு? அங்கை பெட்டையளை உள்ளுக்கு விடாங்கள். விட்டாலும் உன்ரை கொம்மா விடுவாவோ?” என்றார்.

மச்சாள் தன் தடிகளைச் சீலைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். “ஞாயிறு இல்லாட்டி எனக்குக் கிழமையே இல்லையடி” என்றாள் என்னிடம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. அன்றைக்கே நானும் பின்வீட்டுக்காரனும் சனசமூக நிலையத் தலைவரின் வீட்டுக்குப் போனோம்.

தலைவர் பெஞ்சன் எடுத்த போஸ்ற்மாஸ்ரர். ஈசிச்செயாரில் சாய்ந்தபடி எங்களை மேலும் கீழும் பார்த்தார். “வாயாலை கதைச்சா நிர்வாகம் எடுக்காது பிள்ளையள். எழுத்திலை மகஜராக் கொண்டாங்கோ. வளந்த ஆக்கள் அம்பது பேர். பேர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து. கூட்டத்துக்கு முன்னம் தந்தியளெண்டா நான் வாக்கெடுப்பு வைக்கிறன்” என்றார்.

எங்களுக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். ஐம்பது பேர்தானே! ஒரு ஞாயிறுக்கே அதைவிடக் கூட ஆட்கள் வருவார்கள். புதுக் கொப்பி ஒன்று வாங்கினோம், தடித்த மட்டை போட்டது. அடிமட்டம் வைத்துச் சிவப்புப் பேனையால் கோடு கீறினேன். மேலே “எங்கள் கொட்டகையைக் காப்பாற்றுவோம்” என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். கூட்டத்துக்குப் பத்து நாள் இருந்தது.

முதலில் போனது ரீச்சர் அக்கா வீட்டுக்கு. கைக்குழந்தையோடு ஒரு ஞாயிறு தவறாமல் வருகிறவ. “நல்ல விசயம் பிள்ளையள், ஆராவது கேக்கத்தானே வேணும்” என்று பேனையை வாங்கி மூடியைக் கழற்றினா. மூன்றாவது கட்டத்தைப் பார்த்துவிட்டு நின்றா. “உதென்ன அடையாள அட்டை இலக்கம்?”

“தலைவர்தான் கேட்டவர் அக்கா.”

மூடியைத் திரும்பப் போட்டா. “இவர் வரட்டும். கேட்டுப்போட்டுச் சொல்லுறன்.”

அடுத்த வீட்டில் தேசிக்காய்த் தண்ணியும் விசுக்கோத்தும் தந்தார்கள், கையெழுத்துத் தரவில்லை. அதற்கடுத்த வீட்டு ஐயா கொப்பியைக் கையில் வாங்கவே மாட்டேன் என்றார். “உது ஆரிட்டைப் போகுது?” என்று கேட்டார். தலைவரிடம் என்றோம். “தலைவரிட்டையிருந்து ஆரிட்டைப் போகும்?” என்றார். எங்களுக்குத் தெரியாது என்றோம். “தெரியாதெல்லோ? அப்ப போயிட்டு வாங்கோ ராசா” என்று கேற்றைச் சாத்தினார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவ்வளவு பயந்தாங்கொள்ளிகளோ, ஞாயிற்றுக்கிழமை வந்து ஓசியில் கைதட்டத் தெரியுது, ஒரு கையெழுத்துப் போடத் தெரியாதோ என்று வழிநெடுகத் திட்டிக்கொண்டு வந்தேன். பதினாலு வயதுக் கழுதை நான். பட்டியல் என்றால் எனக்குத் தெரிந்தது ரீச்சர் பெயர் கூப்பிடுகிற வகுப்பு இடாப்பு ஒன்றுதான். அவர்களுக்குத் தெரிந்த பட்டியல்கள் வேறு. ஆமிக்காரர் ஒலிபெருக்கியில் பெயர் வாசித்துக் கூப்பிட்டவை அவை. கூப்பிட்டபோது எழும்பிப் போனவர்களில் திரும்பி வராதவர்களும் உண்டு. பெயரும் விலாசமும் இலக்கமும் ஒரே வரியில் இருக்கிற கடதாசியை அவர்கள் தொடுவார்களா? இது இன்றைக்குப் புரிகிறது. தலைவருக்கு அன்றைக்கே புரிந்திருக்கும் என்பதும் இன்றைக்குத்தான் புரிகிறது.

இரண்டு நாளில் மூன்று கையெழுத்து. கீபோட் அண்ணை, அவரின் தாய், பேஸ் கிற்றார் அடிக்கிறவரின் பெரியப்பா. இதில் ஒரு புதினம் பாருங்கள். ஒருவரும் முதலாவது வரியில் எழுதவில்லை. கீபோட் அண்ணைகூட இரண்டாவதில்தான் எழுதினார். “முதல் வரி பெரிய ஆக்களுக்கு இருக்கட்டும்” என்றார். அவரின் தாய் மூன்றாவதில் எழுதினா, பெரியப்பா நாலாவதில். போகிற வீடெல்லாம் கொப்பியைத் திறந்ததும் முதலில் பார்ப்பது அந்த வெறும் வரியைத்தான். பார்த்ததும் மூடிவிடுவார்கள்.

நாங்கள் அலைந்து களைத்துப்போய்ச் சந்திச் சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டோம். கொப்பியைக் கடை மேசையில் வைக்கலாம் என்றார். “ஆனா நான் போடன், சொல்லிப்போட்டன்” என்றார். அவரிடம் கொடுக்கிறதுக்கு முந்தின நாள்தான் நான் அதைச் செய்தேன்.

அலுமாரிக்கு மேலே அம்மாவின் விசுக்கோத்துத் தகரம் இருந்தது. அதற்குள்தான் எங்கள் வீட்டு முக்கியமான கடதாசிகள் எல்லாம். மச்சாளின் அட்டையும் அங்கேதான். அவளின் அடையாள அட்டை இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது. முகாமில் கொடுத்த தற்காலிக அட்டைதான் இருந்தது. கதிரையில் ஏறி அதை எடுத்தேன். மச்சாள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள், அடித்துத் தோய்க்கிற சத்தம் கேட்டது. முதலாவது வரியில் அவளின் முழுப்பெயரை என் வடிவான எழுத்தில் எழுதினேன். எங்கள் விலாசத்தை எழுதினேன். அட்டையில் இருந்த நீளமான இலக்கத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினேன். அட்டையில் இருந்த கையெழுத்தைப் பார்த்து வேறொரு தாளில் நாலு தரம் பழகி, ஐந்தாவது தரம் கொப்பியில் போட்டேன்.

ஏன் அவளைக் கேட்கவில்லை? கேட்டால் அம்மாவின் காதுக்குப் போய்விடும் என்ற பயம். அதைவிட, இந்தப் பாடெல்லாம் அவளுக்காகத்தானே, அவளின் பெயர் இருப்பதில் என்ன பிழை என்ற நினைப்பு. பெரிய உபகாரம் செய்கிறவளின் திமிர் அது. உபகாரம் செய்கிறவர்கள் கேட்டுவிட்டா செய்கிறார்கள்?

இனி நான் சொல்லப்போவதுதான் என்னை இன்றுவரை அரிப்பது. அந்தப் பொய் வேலை செய்தது. முதலாவது வரி நிறைந்த மறுநாளே பதினொரு பேர் போட்டார்கள். ரீச்சர் அக்கா தானாக வந்து போட்டுவிட்டுப் போனா. நல்லூரில் கொடியேறின கிழமை; கோயிலுக்குப் போகிறவர்கள் சைக்கிளுக்குக் காற்றடிக்க நின்ற இடத்தில் போட்டார்கள். வியாழக்கிழமை எண்ணினால் முப்பத்தெட்டு. கூட்டத்துக்கு இன்னும் மூன்று நாள், பன்னிரண்டு பேர். வீட்டில் மச்சாள் என்னைக் கட்டிப்பிடித்து, “எடி, நீ பெரிய கெட்டிக்காரியடி” என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம். அம்மா குந்தியிருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. பின்வீட்டுக்காரன் சைக்கிளை முற்றத்தில் விழுத்திவிட்டு ஓடிவந்தான். சேட்டுக்குள் எதையோ ஒளித்து வயிற்றோடு பிடித்திருந்தான். மூச்சு வாங்கியது.

“ரெண்டு பேர் வந்தவங்கள். மோட்டச்சைக்கிளிலை. தலைமயிர் ஒட்ட வெட்டினவங்கள், சீஐடிக்காரர் மாதிரி. கடையிலை கொப்பியைத் தூக்கிப் பாத்தவங்கள். ஒருத்தன் கொழும்புத் தமிழ் கதைச்சவன். முதலாவது பேரை வாசிச்சு, ‘இவங்க வீடு எங்க இருக்கு’ண்டு கேட்டவன்.”

தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. “கடைக்காரர் என்ன சொன்னவர்?” என்றா அம்மா.

“தெரியாதெண்டு சொல்லிப்போட்டார். அவங்கள் போன உடனை, இதைக் கொண்டுபோய் எரியுங்கோடா எண்டு என்னட்டைத் தந்தவர்.”

“முதலாவது பேர் ஆற்றை?”

அவனுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். கொப்பியை எடுத்து நீட்டினான். “மச்சாளின்ரைதான் மாமி. அவதானே முதலாவதாப் போட்டவ.”

அம்மா கொப்பியை வாங்கி வாசித்தா. அந்த இலக்கத்தில் கண் நின்றது. ஊரிலே ஒருவரின் இலக்கமும் அப்படி இருக்காது. பார்த்த உடனே முகாமிலிருந்து வந்த ஆள் என்று தெரியும். அம்மாவின் கைவிரல் எல்லாம் தேங்காய்ப்பூ. “நீ வீட்டை போ தம்பி. ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லாதை” என்று அவனை அனுப்பினா. பிறகு என்னைப் பார்த்தா. அது என் எழுத்து என்று அம்மாவுக்குத் தெரியாதா?

எனக்கு அடி விழவில்லை. அடித்திருக்கலாம். அம்மா எழும்பிப் போய் அடுப்பில் கொப்பியை வைத்தா. தடித்த மட்டை, லேசில் பிடிக்கவில்லை. ஊதுகுழலால் ஊதி ஊதி எரித்தா. ஐம்பது வேண்டிய இடத்தில் முப்பத்தெட்டுப் பேர் கருகிச் சுருண்டார்கள். பிறகு மச்சாளின் தடிகளையும் எடுத்து உள்ளே தள்ளினா. தடி என்ன பாவம் செய்தது?

மச்சாள் ஈரக்கையோடு கிணற்றடியிலிருந்து வந்தாள். அடுப்பைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அம்மா இரண்டு வசனத்தில் சொல்லி முடித்தா. மச்சாள் என்னிடம் திரும்பினாள்.

“நீயோ எழுதினனீ?”

“ஓம்.”

“என்ரை கையெழுத்தையுமோ?”

“ஓம்.”

ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். “கதைக்க நேரமில்லை, வெளிக்கிடு” என்றா அம்மா. “உன்ரை கொப்பர் கொம்மா உள்ளுக்கு இருக்கினம். உனக்கு ஒண்டெண்டால் அவையளை விடுவாங்களோ?” மச்சாள் ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அரை மணித்தியாலத்தில் ஒரு பையோடும் குடையோடும் அம்மாவும் அவளும் பின்வேலியில் பிரிந்திருந்த பொட்டுக்குள்ளால் நுழைந்து போய், கல்மேட்டைக் கடந்து, பஸ்ஸுக்குப் போனார்கள். கொடிகாமத்தில் அம்மாவின் பெரியம்மா இருந்தா. அங்கேதான்.

அப்பா கொழும்பில் வேலை, மாதத்தில் ஒருமுறைதான் வருவார். நான் தனியே. “ஆரும் வந்து கேட்டா, கலியாணம் பேசினபடியால் சொந்தக்காரர் வீட்டை போயிட்டாளெண்டு சொல்லு” என்று அம்மா சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனா. அந்தப் பின்னேரம் ஒவ்வொரு மோட்டச்சைக்கிள் சத்தத்துக்கும் யன்னலடிக்கு ஓடினேன். சத்தம் ஒழுங்கை முகப்பில் குறையும், நான் யன்னலை விட்டு விலகுவேன், அது தாண்டிப் போய்விடும். கிணற்றடியில் மச்சாள் பாதி தோய்த்த உடுப்பு வாளியில் கிடந்தது. அதை அலசிக் காயப்போட்டேன். வேறென்ன செய்ய? இருட்டுகிற நேரத்தில் அம்மா திரும்பி வந்தா.

“ஆரும் வந்தவையோ?”

“இல்லை.”

ஞாயிறு கூட்டம். கொட்டகை நிறைய ஆட்கள். ட்ரம்ஸை ஒரு பழைய சாரத்தால் மூடி மூலைக்குத் தள்ளியிருந்தார்கள். தலைவர் எழும்பி, “பிள்ளையள் மகஜர் தாறமெண்டு சொன்னவை. எழுத்திலை ஒண்டும் வரேல்லை” என்றார்.

கீபோட் அண்ணை துள்ளி எழும்பினார். “முப்பத்தெட்டுப் பேர் போட்டவை. கொப்பிதான் இல்லை. போட்ட ஆக்கள் இஞ்சை இருக்கினம். கேட்டுப் பாருங்கோ!”

தலைவர் சுற்றிவரப் பார்த்தார். “ஆர் போட்டது? கையை உயத்துங்கோ.”

தகரம் வெயிலில் படக்கென்று ஒருமுறை வெடித்துக் கேட்டது. ரீச்சர் அக்கா குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தா. பேஸ் அடிக்கிறவரின் பெரியப்பா நிலத்தைப் பார்த்தார். இரண்டு பேர் வந்து கொப்பியைப் பார்த்த கதை அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. கீபோட் அண்ணையின் கை மட்டும் மேலே நின்றது. அவரின் தாய் அதையும் பிடித்துக் கீழே இழுத்தா.

நான் எழும்பியிருக்கலாம். முதல் வரியை நான்தான் எழுதினேன், அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அரைச்சுவரில் நீங்கள் எல்லோரும் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தீர்கள். “மச்சாள் எங்கையடி?” என்று டோகாக்காரி காதுக்குள் கேட்டாள். “கலியாணம் பேசியிருக்கு” என்றேன்.

அடுத்த கிழமையே வாங்குகள் வந்தன, கரும்பலகை வந்தது. நீங்களும் நானும் அங்கேதான் கணக்குப் படித்தோம். ட்ரம்ஸ் இருந்த மூலையில்தான் என் இடம். எல்லோரும் ஏ எடுத்தோம், அந்த ஏ-தான் உங்களைக் கடல் கடத்தியது. தலைவரைத் திட்டி எழுத எனக்குக் கொள்ளை ஆசை, ஆனால் முழுக்கத் திட்ட முடியவில்லை. அவரின் கடைசி மகள் கணக்கில் மூன்று தரம் கோட்டை விட்டவ.

மார்கழியில் ஒருநாள் வகுப்பு முடிந்து வெளியே வருகிறோம். கல்மேட்டுக்குப் பக்கத்து வெறுங்காணியில் கிடங்கு வெட்டுகிறார்கள், இரும்பு வந்து இறங்கியிருக்கிறது. சிவப்புப் பிளாஸ்ரிக் தொப்பி போட்ட இரண்டு பேர் நின்று அளந்துகொண்டிருந்தார்கள். பின்வீட்டுக்காரன் என் கையைப் பிடித்தான். “எடி, அண்டைக்குக் கடைக்கு வந்தவங்கள் இவங்கள்தான்.”

டெலிபோன் ரவர் போடுகிறவர்கள். காணிக்காரர் யார் என்று விசாரிக்கத்தான் அன்றைக்கு வந்திருக்கிறார்கள். மேசையில் கொட்டகையின் பெயர் எழுதிய கொப்பி கிடந்திருக்கிறது. முதலாவதாக எழுதியிருப்பவர்தான் அந்த இடத்துக்குப் பொறுப்பு என்று நினைத்து வீடு கேட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். சைக்கிள் கடைக்காரர் அவர்களிடமே கேட்டறிந்து வந்து தலையில் அடித்துக்கொண்டார். முதல்நாளே “நீங்கள் ஆர்?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்கிற பழக்கம் எங்களில் யாருக்கு இருந்தது?

அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தா. “இண்டைக்குத் தெரியுது. அண்டைக்குத் தெரியுமோ?” என்றா.

மச்சாள் திரும்பி வரவில்லை. மாமாவையும் மாமியையும் முகாமிலிருந்து வெளியே விட்டபிறகு அவர்களும் கொடிகாமத்திலேயே இருந்துவிட்டார்கள். வந்து அடிப்பதற்கு இங்கே கொட்டகையும் இல்லை. இப்போது அவள் சந்தையில் மரக்கறி மொத்தமாக எடுத்து விற்கிறாள், இரண்டு பிள்ளைகள். கலியாணவீடு செத்தவீடுகளில் சந்திப்போம், பிள்ளைகளின் படிப்பைக் கதைப்போம். அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி இரண்டு பேரும் ஒரு சொல் பேசியதில்லை.

நேற்றுக் காலை, உங்கள் இணைப்பைப் பார்த்துக்கொண்டே அரை மணித்தியாலம் இருந்துவிட்டு, அவளுக்குப் போன் எடுத்தேன். பின்னால் சந்தை இரைந்தது, யாரோ கத்தரிக்காய் விலை கூவினான்.

“மச்சாள், அண்டைக்கு அந்தக் கொப்பியிலை...” என்று தொடங்கினேன்.

“ஐயோ, இப்பதான் உனக்கு வாய் வந்ததோ?” என்றாள். பிறகு யாரையோ தராசைப் பார்க்கச் சொல்லிவிட்டு ஒதுக்குப்புறமாகப் போயிருக்கவேண்டும், இரைச்சல் குறைந்தது. “எனக்கு உன்னிலை என்ன கோவம் தெரியுமோ? அந்த ரெண்டு பேராலை இல்லை. தடியை எரிச்சதாலையும் இல்லை. ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமெல்லோ? கேட்டிருந்தா நானே போட்டிருப்பன். முதலாவது வரியிலையே போட்டிருப்பன். நீ என்ரை கையெழுத்தைப் போட்டதாலை, பிறகு அது என்ரை கொட்டகைக்கு நான் போட்ட கையெழுத்தா இல்லாமல் போச்சு.”

நான் அழுதேன். அவள் அழவில்லை. “சரி சரி, மூக்கைத் துடை. உதென்ன இணைப்பு? எனக்கும் அனுப்பு” என்றாள்.

அனுப்பினேன். பத்து நிமிடம் கழித்துப் பக்கத்தைத் திறந்தேன். உச்சியில், முதலாவது வரியில், மச்சாளின் முழுப்பெயர். ஊர்: கொடிகாமம். ஏன் கையொப்பமிடுகிறீர்கள் என்று கேட்டிருந்த கட்டத்தில் இப்படி எழுதியிருந்தாள்: “நான் ட்ரம்ஸ் அடிச்சனான்.”

எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. பிறகு என் பெயரை எழுதி முடித்து, அனுப்புகிற இடத்தில் விரலை வைத்தபோதுதான் புரிந்தது. நான் போட்டால் என் பெயர் மேலே ஏறும், அவள் இரண்டாவது வரிக்கு இறங்கிவிடுவாள். திரும்பவும் போன் எடுத்தேன்.

“மச்சாள், நான் போட்டால் உங்கடை பேர் கீழை போயிடும். போடட்டோ?”

யாருக்கோ மிச்சக் காசு எண்ணிக் கொடுக்கிற சத்தம் கேட்டது.

“கேட்டுப்போட்டாயெல்லோ” என்றாள் மச்சாள். “இனிப் போடு.”